கப்பு காட்டாதது

ஜனவரி 30, வியாழன்

சுரங்கத்துக்குத் திரும்பி இரண்டாம் நாளே என் பெயரை எடுத்துவிட்டார்கள். வேலைக்கு இறங்குமுன் மூத்திரப் பரிசோதனை. பன்னிரண்டு வருஷமாக இங்கே டிரக் ஓட்டுகிறேன், எத்தனை கப்பு நிரப்பியிருப்பேன்! இன்றைக்குத்தான் மூடியைத் திருகாமலே நீட்டினேன்.

எதற்கு இந்தப் பதற்றம்? குடிக்கவில்லை, போதை இல்லை. போன வாரம் புயலால் வீட்டுக்குப் போகும் விமானம் ரத்தாகி ஹெட்லாண்டு ஊர் ஓட்டலில் அடைந்து கிடந்தோமே, அங்கே ரோஷெல்லோடு படுத்தேன். வேறொரு சுரங்க முகாமில் சமையல் வேலை அவளுக்கு. நன்றாகச் சிரிக்கவைத்தாள். உறை கிறை எதுவும் இல்லை. மடையன் நான். மறுநாள் மாண்டுராவில் வீட்டுக்குப் போய், நாலு மாத வயிற்றோடு கதவைத் திறந்த என் மனைவி மார்னியைக் கட்டிப்பிடித்தேன்.

"சுத்தம். போ" என்றான் பரிசோதகன். அப்பாடா! என்னோடு டிரக் ஓட்டும் டெஸ் என்கிற டெஸ்மண்ட் இருமல் மருந்து குடித்ததைக்கூடப் போன வருஷம் இந்தக் கப்பு காட்டிக்கொடுத்து, அவனை ஒரு நாள் முழுக்க அறையில் உட்காரவைத்தது. இதற்குத் தெரியாமல் என் உடம்பில் எது இருந்துவிட முடியும்? முடிந்தது கதை. இனி அதை நினைக்கமாட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அந்த இடத்தில் ஒரு புண். சட்டைப் பொத்தான் அளவு. வலியே இல்லை. நாற்பத்திநாலு டிகிரி வெயில், பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தபடி வேலை, எங்கே பார்த்தாலும் செம்மண். உரசல்தான்.

டெஸ்ஸிடம் பொதுவாகக் கேட்டேன். "இங்க எவனுக்குடா தொடை ஒழுங்கா இருக்கு? பவுடர் போடு மாப்ள" என்றான்.

பவுடர் போட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

வீடு. ஃபிரிட்ஜ் கதவில் நாள்காட்டி. நான் வீட்டில் இருக்கும் ஏழு நாளையும் மார்னி வழக்கம்போல மஞ்சள் தீட்டி வைத்திருக்கிறாள். வேலைக்குப் போகும் பதினாலும் வெள்ளை. "மஞ்சள் வாரத்துல உன் துணிய நீயே துவைக்கிற, தெரியும்ல?" என்று வரவேற்பு.

குழந்தை முதல்முறையாக என் கைக்கு உதைத்தது. நேற்றும் இன்றும் ஒன்றாகப் படுத்தோம். புண் ஆறிக்கொண்டிருக்கிறது, வலிக்காத புண்ணால் என்ன ஆகப்போகிறது.

பிப்ரவரி 24, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் போனைத் திறந்தால் ரோஷெல்.

"ப்ரோடி, எனக்கு சிபிலிஸ்னு வந்திருக்கு. யாருகிட்டேருந்து யாருக்குன்னு சண்டை வேணாம். போய் ரத்தம் குடு. இன்னைக்கே."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எவனெவனோடோ போய்விட்டு என்னிடம் சொல்கிறாளா? — நீ மட்டும் என்ன யோக்கியன்? — ஜனவரியிலேயே எனக்குச் சுத்தம் என்று வந்துவிட்டது, என்னை விட்டுவிடு என்று அனுப்பினேன்.

உடனே பதில்: "எந்த டெஸ்ட்டு? எங்க குடுத்த?"

போனை அணைத்துவிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

முகாம் நர்ஸ் கிளெனிஸிடம் போனேன். அறுபது வயசு, குரல் சரளைக்கல். ஜனவரி கப்பில் சுத்தம் என்று வந்ததைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கண்ணு, அந்தக் கப்பு நீ போதையில டிரக் ஓட்டுறியான்னு மட்டும்தான் பாக்கும். வேற ஒரு மண்ணும் பாக்காது. சிபிலிஸ் ரத்தத்துலதான் தெரியும். அதுவும் உடனே தெரியாது, மூணு மாசம்வரை ஆகலாம். இந்த முகாம்ல இப்படி வந்து நிக்கிற எத்தனாவது ஆளுடா நீ!"

வலிக்காத புண்ணைப் பற்றிக் கேட்டாள். அதுதான் அதன் முதல் அடையாளமாம். பவுடர் போட்டதைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

ரத்தம் எடுத்தாள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஊசியும், ஒரு புட்டத்துக்கு ஒன்று. நாளைக்கு டிரக்கில் எப்படி உட்காரப்போகிறேன்?

"வீட்ல?" என்றாள்.

"மார்னி. இருபத்திரெண்டு வாரம்."

சிரிஞ்சை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கவனிக்காமல் விட்டால் வயிற்றிலேயே குழந்தை போய்விடலாம், பிறந்தாலும் நோயோடு பிறக்கலாம். சீக்கிரம் ஊசி போட்டால் இரண்டு பேரையும் காப்பாற்றலாம். "இன்னைக்கே சொல்லு. உன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காத. உன்னால முடியலன்னா நான் பேசுறேன்" என்றாள்.

நானே சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 26, புதன்

சொல்லவில்லை. மூன்று தடவை போனில் அவள் எண்ணை எடுத்தேன். மார்னியே கூப்பிட்டாள், குழந்தை அறைக்கு என்ன வண்ணம் என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். ச்சீ.

பிப்ரவரி 27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அறைச் சுவர் அட்டை மாதிரி, பக்கத்து அறையில் தும்மினாலும் கேட்கும். வேலை முடிந்ததும் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய் மார்னியைக் கூப்பிட்டேன்.

"என்னடா, குரலே ஒரு மாதிரி இருக்கு? யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்ல."

"அப்பாடா" என்றாள்.

அந்த அப்பாடாவைக் கேட்டபிறகுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. ஹெட்லாண்டு, ரோஷெல், புண், கப்பு, எல்லாம். அவளுக்குப் பின்னால் அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும்.

"குழந்தைக்கு?"

"இப்பவே ஊசி போட்டுக்கிட்டா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகாதாம். நாளைக்கே போ மார்னி, கெஞ்சிக் கேக்குறேன்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கட்கிழமை."

"இன்னைக்கு வியாழன், ப்ரோடி."

வைத்துவிட்டாள்.

படுத்ததைக்கூட அவள் ஒருநாள் மன்னிக்கலாம். இந்த மூணு நாள்? என் புள்ள வயித்துக்குள்ள இருக்கு, நான் வாய மூடிக்கிட்டு மண்ணு அள்ளிக்கிட்டு இருந்திருக்கேன். மனுஷனாடா நீ?

மார்ச் 1, சனி

ரிசல்ட் வந்தது. எனக்கு இருக்கிறது. ரோஷெல்லுக்கு எழுதினேன்: "நீ சொன்னது சரி. மன்னிச்சுக்கோ. நன்றி."

மார்ச் 6, வியாழன்

அண்ணன் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கேரவனில் படுக்கை. என் துணியை எடுக்க மட்டும் மார்னி உள்ளே விட்டாள். ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் இரண்டு ஊசி.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லயாம். ஆனா இவ்வளவு சீக்கிரம் பாத்தா நம்ப முடியாதாம். ஊசி போட்டாங்க. ஏப்ரல்ல ஒரு தடவை, மே மாசம் ஒரு தடவை மறுபடி பாக்கணுமாம்" என்றாள். பிறகு, "சுத்தம்னு எவன் சொன்னாலும் இனிமே எனக்குத் தூக்கம் வராது."

பையை எடுத்துக்கொண்டேன். நாள்காட்டியில் நான் வீட்டில் இருக்கவேண்டிய இந்த வாரமும் வெள்ளை. அடுத்த மாதங்களும் வெள்ளை.

ஏப்ரல் 17, வியாழன்

இரண்டாவது ரத்தத்திலும் ஒன்றுமில்லை என்று ஒரு வரி அனுப்பினாள். எனக்கும் ரத்தத்தில் நோயின் அளவு இறங்கி வருகிறதாம். கேரவனில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பீரைக் கதவருகே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மே 16, வெள்ளி

மறுபடி என் பெயர். கப்புக்காக ஏழு பேர் வரிசை. எனக்குப் பின்னால் டெஸ், சத்தமாக: "ஹெட்லாண்டுல நான் ஆடின ஆட்டம் இதுல சுத்தம்னு வந்துட்டா, பொண்டாட்டிகிட்ட தைரியமாப் போயிடுவேன் மாப்ள!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கலாம்.

"அதுல தெரியாது டெஸ்" என்றேன். "போதை மட்டும்தான் தெரியும். நானும் உன்ன மாதிரிதான் நெனச்சேன். எனக்கு சிபிலிஸ் வந்துச்சு. மார்னி மாசமா இருக்கா. கிளெனிஸ்கிட்ட போய் ரத்தம் குடு."

பரிசோதகன் கப்பை நீட்டியபடி நின்றான். என் முகம் எரிந்தது. வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மத்தியானம் கிளெனிஸ் அறை வாசலில் டெஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி நடந்துவிட்டேன்.

சாயங்காலம் மார்னியிடமிருந்து, "மூணாவதும் இல்ல. டாக்டர் இனிமே பயம் வேணாம்னுட்டார்." கூடவே ஒரு படம், ஃபிரிட்ஜ் கதவு நாள்காட்டி. நான் திரும்பும் வாரத்தில் ஆறு கட்டம் வெள்ளையாகவே இருக்கிறது. மே 29 மட்டும் மஞ்சள். உள்ளே அவள் கையெழுத்தில்: ஸ்கேன், பத்தேகால் மணி. வண்டி நீ ஓட்டு.