எலிபலேத் அச்சிட்ட என் கதை

1807, மார்ச் 3
தம்பி மகன் எலிபலேத் இன்றும் வந்தான். எங்கள் சபைக்கு அவன்தான் போதகர். எட்டு வயதில் அபெனாக்கிச் செவ்விந்தியர்கள் என்னைப் பிடித்துக் கனடாவுக்குக் கொண்டுபோன கதையைக் கேட்டு எழுதிக்கொள்கிறான். ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லாததையும் சொல்லிவிட்டேன். மாட்டை ஓட்டிவர அனுப்பியது அப்பா. கூச்சல் கேட்டதும் கதவைத் தாழிட்டதும் அப்பா. நான் வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தேன்.
"நீங்க சொன்னபடியே எழுதுறேன் அத்தை" என்றான்.

மார்ச் 9
அங்கே என்னை வளர்த்த அபெனாக்கிப் பெண் மாலியானைப் பற்றிச் சொன்னேன். மகளை அம்மை நோய்க்குப் பறிகொடுத்து, அந்த இடத்தில் என்னை வைத்தவள். ஐந்து குளிர்காலம் அவள் போர்வைக்குள்தான் தூங்கினேன். என்னைத் திருப்பி அனுப்பியபோது ஆற்றங்கரை நெடுக ஓடிவந்தாள். எழுதும்போது எலிபலேத்துக்கும் கண் கலங்கியது.

ஜூன் 14
புத்தகம் வந்தது. பிள்ளைகளுக்கானதாம். பெயர், 'கீழ்ப்படியாத கெசையா'.
அதில் நான் பெற்றோர் சொல் கேளாமல் பழம் பறிக்க ஓடிப் பிடிபடுகிறேன். அப்பா கோடரியோடு காப்பாற்ற ஓடிவருகிறார். மாலியானுக்குப் பெயரே இல்லை, 'காட்டுக்கிழவி'. என்னைப் பட்டினி போட்டு அடிக்கிறாள்.
நானா சொல் மீறினேன்? சொன்னதைச் செய்யத்தானே போனேன்?

ஜூன் 15
போய்க் கேட்டேன்.
"தாத்தா கதவைச் சாத்தினார்னு எழுதினா, எந்தப் பிள்ளை அத்தை அப்பா பேச்சைக் கேக்கும்?"
அமைதியாகத்தான் சொன்னான். படுபாவி. உன்னை நம்பித்தானேடா வாயைத் திறந்தேன்.

ஜூலை 2
பள்ளியில் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களாம்.

ஜூலை 20
பள்ளிக்கு நானே போனேன். ஆசிரியை மரியாதையாக நாற்காலி போட்டாள். பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பக்கத்து வீட்டுத் தபித்தா எழுந்தாள்.
"அப்போ உங்களுக்குத் திரும்பி வரப் பிடிக்கலையா பாட்டி?"
"பிடிக்கல கண்ணு."
ஆசிரியை மணியை அடித்துவிட்டாள்.

ஜூலை 22
தம்பி வாசலிலேயே நின்றான். "செத்த மனுசன் பேரை ஏன்க்கா கெடுக்குற?" அன்று கதவுக்கு உள்ளே, அம்மா மடியில் இருந்தவன்.

அக்டோபர் 11
இரண்டாம் பதிப்பு. முடிவில் புதிதாக ஒரு பத்தி. காட்டில் பட்ட துன்பத்தால் கெசையாவுக்கு முதுமையில் புத்தி பேதலித்துவிட்டதாம். அவள் என்ன சொன்னாலும் நல்ல பிள்ளைகள் கோபப்படாமல் மன்னிக்க வேண்டுமாம்.

அக்டோபர் 19
தபித்தாவும் நாலைந்து பிள்ளைகளும் வேலியோரம் போனார்கள். அவள் மட்டும் நின்று, காது கேளாதவரிடம் பேசுவதுபோல, ஒவ்வொரு சொல்லாக, "நல்லா இருக்கீங்களா பாட்டி?" என்று கேட்டாள்.
நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.
மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். என்னை மன்னித்துவிட்டார்கள்.