உங்க அம்பாசிடரை உடைக்கிறாங்க

என்னங்க, உங்களுக்கு என் நமஸ்காரம். முட்டிவலி கம்மியாச்சா? பேரன் எழில் பேங்க் பரீட்சை பாஸ் பண்ணிட்டான். சௌம்யாவுக்கு வேங்கிக்கால் ஆபீஸ்லயே பதவி உயர்வு. பேத்தி அன்புச்செல்வியும் கேம் செய்யற போட்டியில முதல் பரிசு வாங்கியிருக்கா, அதைத்தான் நீங்க விசாரிக்கவே இல்லை.

அவ வேலையை விட்டதுல இருந்து நீங்க அவகிட்ட பேசறதில்லை. இங்க பெங்களூர்ல சிநேகிதிங்க ரெண்டு பேரோட, காரை மோதி நொறுக்குற வீடியோ கேம் செய்யறா. அந்தக் காலத்துல மெஷின்ல காசு போட்டு ஆடுனதும் இதே மாதிரியாம். மூணு பேருக்கும் ஆக்கிப்போட்டு, நாள்பூரா மோதுற சத்தம் கேட்டு, எனக்கு அலுத்துப்போச்சு.

நேத்து பார்த்தா திரையில உங்க அம்பாசிடர். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துலகூட நீங்க கீறல் விழாம ஓட்டின வண்டி.

"தாத்தா வண்டியையாடி உடைக்கிற?"

"எல்லா வண்டியும் நின்னுடும் ஆயா. இது மட்டும் எவ்வளவு மோதினாலும் ஓடும்."

"அப்ப டயருக்கடியில எலுமிச்சம்பழம் வை"ன்னேன். வச்சுட்டா. இப்ப ஒவ்வொரு ஆட்டத்துலயும் அதை நசுக்கிட்டுத்தான் கிளம்புது.

நம்பர் பிளேட்டு அவளுக்கு ஞாபகமில்லை. உங்ககிட்ட கேக்க பயப்படறா. குக்கர் கூப்புடுது, முடிச்சுக்கறேன். புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல போடுங்க. வண்டி மட்டும் போதும்னு சொல்றா. நீங்களும் பக்கத்துல நில்லுங்க.

சந்திரம்மாள்