ஆயத்தமில்லை என்று நின்ற தேர்

நீர்வளம் குன்றாக் கழனிநாட்டின் பேரரசி மதிநங்கைப் பெருந்தேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் நக்கன் சாத்தன் எழுதியது. முகில் தவழும் குவட்டுநாட்டின் கோமான், தேவியாரின் மருமகனார், ஆதன் செங்கணார் காண்க. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் காற்று என்றும் புகையறியாதிருக்க.

எம் இளவரசியார் முதற்பேற்றுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி வந்த அன்றே தேவியார் பொறித்தேரேறிப் புறப்பட்டார். தாய் அருகில் இருந்தாலன்றித் தனக்குத் துணிவில்லை என்று மகள் எழுதியிருந்தார். தேரைச் செலுத்தியவர் தேர்நாயகர் கண்டன் பூதி. இருபதாண்டுகளாக ஓர் ஆணியும் கழலாமல் தேர் நடத்தியவர். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு என்பதை இவ்வோலை மறைக்கவில்லை.

இன்று காலை மலைவாயிலில், புகை சோதிக்காத தேர் உள்ளே வரலாகாது என்ற தங்கள் நாட்டு விதிப்படி, புகைச்சோதகர் குவளையாள் தம் கணினிப் பெட்டியின் வடத்தைத் தேரில் மாட்டினார். தேரில் குற்றம் ஒன்றுமில்லை என்றது பெட்டி. தேர் ஆயத்தமில்லை என்றும் அதே மூச்சில் சொன்னது. தேர் தன் புகையைத் தானே சோதிக்க வேண்டிய எட்டுச் சோதனைகளில் ஐந்து முடியவில்லையாம். கண்டன் பூதி அதை மூன்று முறை வாசித்தார். குற்றமற்ற ஒன்று எப்படி ஆயத்தமற்றதாகும் என்று அவருக்குத் தலை சுற்றியது.

எம் நாட்டில் எல்லை கடக்குமுன் பழங்குறை அனைத்தையும் துடைப்பது வழக்கம். சக்கரத்தில் ஒட்டிய சொந்த ஊர் மண்ணைக்கூடக் கழுவிவிட்டே அடுத்த நாட்டில் கால் வைப்போம். அவ்வழக்கப்படி, புறப்படும்போதே அவர் மின்கலக் கம்பியைக் கழற்றித் தேரின் நினைவையும் துடைத்திருந்தார். அது போதவில்லை போலும் என்றெண்ணி, வாயிலிலேயே மறுபடியும் துடைத்தார். இப்போது எட்டும் முடியவில்லை என்றது பெட்டி. குறைகலத்தோடு வந்தது மரியாதைக் குறைவோ என்று எரியெண்ணெயைக் கலத்தின் கழுத்துவரை நிரப்பினார். மூன்றாம் முறை துடைத்தார். நான்காம் முறையும் துடைத்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

குவளையாள் பொறுமையாகவே விளக்கினார். நினைவைத் துடைக்குந்தோறும், தன்னைத் தான் சோதித்துக்கொண்டதையும் தேர் மறந்துவிடுகிறது என்றார். எண்ணெய் நிறையாமலும் வற்றாமலும் இருக்க வேண்டும். இரவெல்லாம் ஆறவிட்டு, விடிந்ததும் கிளப்பிச் சற்றே நின்றபடி இயங்கவிட்டு, பிறகு ஒரே சீராக ஓட்ட வேண்டும். அப்படி மூன்று நாளாவது ஓடினால்தான் தேர் தன் புகையைப் பற்றித் தானே சொல்லும் என்றார். நினைவில் ஒரு குறையும் இல்லாததுதானே தூய்மை என்று கண்டன் பூதி கேட்டார். அது தூய்மையன்று, ஒன்றும் தெரியாமை என்று அவ்வம்மையார் மறுமொழி சொன்னார். புரிந்தது என்று தேர்நாயகர் தலையாட்டினார். என்ன புரிந்ததோ யாமறியோம்; அப்போதும் அவர் கை கம்பியைத்தான் தேடியது.

விதிவிலக்குக் கேட்டுத் தங்களுக்கு எழுதுமாறு அவர் தேவியாரின் காலில் விழுந்தார். பிறக்கப்போகும் பேரப்பிள்ளை முதலில் இழுக்கும் காற்றில், சோதிக்காத புகையைத் தாமே கலப்பதில்லை என்று தேவியார் மறுத்துவிட்டார். பல்லக்கு வந்துசேர நாளை மாலை ஆகும் என்றார்கள். அதற்கும் அவர் காத்திருக்கவில்லை.

ஆகவே தேவியாரின் ஆணை. கண்டன் பூதி மூன்று நாளும் மலையடிச் சாலையில் தேரை ஓட்டுக, கம்பியைத் தொடற்க. தங்களுக்கு ஆணையிட எமக்கு உரிமையில்லை, வேண்டுகோள் மட்டுமே. நாளைப் பொழுது சாய்வதற்குள், குடையுமின்றிக் கொடியுமின்றி, முழங்காலளவு சேற்றோடு ஒரு பெண்மணி அரண்மனை வாயிலில் வந்து நின்றால், யார் எவர் என்று காவலர் நிறுத்தாதிருக்க. நேரே பேற்றறைக்கு வழிகாட்டுக.

இவ்வோலையை அஞ்சலோட்டி முன்கொண்டு வருகிறான். சொல்லி முடித்த கையோடு தேவியார் மலையேறத் தொடங்கிவிட்டார். மற்றவை பிறகு, இளவரசியாரிடம் மட்டும் உடனே சொல்க, அம்மா நடந்து வந்துகொண்டிருக்கிறாள் என்று.