கேட் நோட்டில் என் பக்தி

செப்டம்பர் 6, சனி

இன்று எங்கள் பேண்டுக்கு நாலாவது பாட்டும் கைக்கு வந்துவிட்டது! நடுவில் தாளம் மாறும் இடம், மூன்று வாரமாகத் தண்ணி காட்டிய இடம், இன்று தானாகவே வந்தது. கிடார் வாசிக்கும் எங்கள் "நெட்டை", அதைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கியே விட்டாள். பாட்டுக்காரி போட்ட கத்தலில் கீழே இசைக்கருவிக் கடையில் இருந்தவர்கள் மாடிக்கு ஏறி வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் இருவரும் வேறு கல்லூரி, விடுதி கிடையாது, கொடுத்து வைத்தவர்கள். இருபதாம் தேதி நாலு மணிக்குப் போட்டி. முதல் மேடை! டிரம்ஸ் நான்!

விடுதியிலிருந்து சனிக்கிழமை தனியாக வெளியே போக இரண்டே காரணம்தான் செல்லும்: மருந்துக்கடை, சர்ச். வாராவாரம் மருந்து வாங்கினால் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிடுவார்கள். அதனால் கேட் நோட்டில் "சர்ச்" என்று எழுதிவிட்டுப் போகிறேன். இன்றோடு ஒன்பது சனி.

செப்டம்பர் 8, திங்கள்

மாட்டிக்கொண்டேன். ஆனால் நான் பயந்த மாதிரி இல்லை!

சாப்பாட்டு நேரத்தில் வார்டன் சிஸ்டர் மணியைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார். கையில் கேட் நோட்டு. "நூத்திப் பத்து பிள்ளைங்க இருக்கீங்க. ஒன்பது வாரம் விடாம சர்ச்சுக்குப் போனது ஒரே ஒருத்திதான்" என்று சொல்லி என்னைக் கை காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். என் அறைத்தோழி — வகுப்பில் தூங்கித் தூங்கியே "கொட்டாவி" என்று பெயர் வாங்கியவள் — தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாதி மூக்கு வழியாக வந்தது. அறைக்கு வந்து இருவரும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சிரிப்பு போச்சு. நிறுவனர் நாள் திருப்பலியில் பைபிளிலிருந்து முதல் வாசகம் நான்தான் படிக்க வேண்டுமாம். ஆயர், அதான் பிஷப், வருகிறாராம். என்றைக்கு? இருபதாம் தேதி. எத்தனை மணிக்கு? நாலு!!

செப்டம்பர் 11, வியாழன்

அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துவிட்டு, சலவை அறைப் பின்வாசல் வழியாக நழுவிவிடலாம் என்று கொட்டாவி திட்டம் போட்டுக் கொடுத்தாள். போர்வைக்குள் எத்தனை தலையணை வைப்பது என்பது வரை பேசி முடித்தோம். அப்போது பார்த்து அம்மாவின் போன். சிஸ்டர் வீட்டுக்குக் கடிதமே போட்டிருக்கிறார்.

"பூசைக்கு வாடின்னா வயித்து வலிம்ப. இப்ப நீயாவே போறியாமே! பெரியம்மா, சித்தி எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டேன்."

அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. ஐயோ, நீ ஏம்மா இப்படிச் சந்தோஷப்படுற? நாலு திட்டு திட்டியிருந்தா எவ்வளவு லேசா இருந்திருக்கும்!

செப்டம்பர் 12, வெள்ளி

உண்மையைச் சொல்லிவிட்டேன். முதலில் அம்மாவிடம். பாதியிலேயே போனை வைத்துவிட்டாள்.

அப்புறம் சிஸ்டரிடம். நோட்டைத் திறந்து ஒன்பது "சர்ச்"சையும் சிவப்பு மையால் அடித்தார். ஒரு மாதம் வெளியே போகத் தடை. "அப்ப வாசகம் வேற யாராவது..." என்று இழுத்தேன். "நீயேதான் படிக்கிற. இதுலயும் தப்பிக்கப் பாக்காத."

நெட்டை போனில் கத்தினாள். "இப்படி நட்டாத்துல விட்டுட்டியேடி!" வேறு ஆளை வைத்து வாசியுங்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. என் இடத்துல எவளோ ஒருத்தியா? முடியல.

செப்டம்பர் 17, புதன்

வாசகத்தை இருபது தடவை படித்தாயிற்று. கால் மட்டும் மேசைக்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, இருந்தாலும் இன்றே எழுதியாக வேண்டும்!

நாலு மணிக்கு வாசக மேடையில் ஏறி நிமிர்ந்தால், கடைசி வரிசையில் நெட்டை! பக்கத்தில் பாட்டுக்காரி! நடுவில் கிடார் பையும் ஒரு டிரம்மும். அவ்வளவுதான், எனக்கு எழுத்தெல்லாம் ஆட ஆரம்பித்தது. ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொன்னேன். ஒரு முழு வரியையே முழுங்கிவிட்டேன்.

முடிந்ததும் ஓடினேன். "லூசுங்களா, போட்டி என்னாச்சு?"

"போகல. வேற ஆள் தேடவே இல்ல" என்றாள் நெட்டை. "அடுத்த வருஷமும் போட்டி வைப்பாங்கல்ல? பூசை முடிஞ்சதும் உன்கூட ஒரு பாட்டாவது வாசிக்கலாம்னு இதையெல்லாம் தூக்கிட்டு வந்தோம்."

பின்னாலேயே சிஸ்டர். அவர்களை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, இவங்கதான் உன் சர்ச்சா?" கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்குக் கலை நிகழ்ச்சி. ஒரு டான்ஸ் குறையுது. சரியா ஏழு மணிக்கு வெளியாளுங்க கேட்டைத் தாண்டியிருக்கணும்."

நாலு பாட்டு! சாப்பாட்டு அறையில்! பெஞ்சு மேலெல்லாம் பிள்ளைகள்! கொட்டாவி முழித்துக்கொண்டு ஆடினாள். சமையல் சிஸ்டர் கரண்டியால் தட்டைத் தட்டி எனக்குப் போட்டியாக வந்தார். ஆயரின் கால் ஆடியதை என் கண்ணால் பார்த்தேன். ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே சிஸ்டர் கடிகாரத்தைக் காட்டிவிட்டார். தடையில் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. போகட்டும்!

செப்டம்பர் 21, ஞாயிறு

ஒன்பது நாளாகப் பேசாத அம்மா காலையில் கூப்பிட்டாள்.

"நேத்து வாசகம் படிச்சியா?"

"படிச்சேன்மா."

"ம்ம்..." என்று இழுத்தாள். நம்பவில்லை. எப்படி நம்புவாள்?

"தடுமாறினியா?"

"ரெண்டு இடத்துல. ஒரு வரியையே விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"அப்ப நெசமாத்தான் படிச்சிருக்க" என்றாள். உடனே, சாப்பிட்டியா என்று ஆரம்பித்துவிட்டாள்.