நியூயார்க் தூரமும் சஷ்டி விரதமும்

5-11-02, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மகள் பிரசவத்துக்கு விசாலம் நியூயார்க் கிளம்ப இரண்டே நாள். நான் குழம்பாமல் இருக்கக் குறிப்புகள்:

1. தூரம்.
2. பயண நேரம்.
3. சஷ்டி விரதம், சர்க்கரை மாத்திரை.
4. என் மனைவி விசாலத்தின் பிடிவாதம். யோசிக்காத பிடிவாதம்.

பூகோள உருண்டையில் நூல் பிடித்து அளந்தேன். சுமார் பதினாலாயிரம் கி.மீ. மணிக்குத் தொள்ளாயிரம் என்றால் பதினாறு மணி நேரம். ஏஜென்ட் இருபத்துநாலு என்கிறார், பிராங்க்பர்ட்டில் காத்திருப்பது சேர்த்து. மாப்பிள்ளை போனில் இருபது என்றார். ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை. மச்சினன் முத்தையா வேறு: "அம்புட்டுத் தூரம்னு தெரிஞ்சு என்னத்தச் செய்யப்போறீங்க அத்தான்? அக்கா நடந்தா போகப்போகுது?"

விரதம் இன்று ஆரம்பம். பகலில் தண்ணீர் மட்டும். பொழுது சாய்ந்தபின் பால், பழம். போன வருடம் திருப்பரங்குன்றத்தில் கோயில் வாசலிலேயே மயங்கி விழுந்தவள். இந்தத் தடவை விட்டுவிடு என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

7-11, வியாழன்

மழை இல்லை. பெட்டியை மறுபடி எடை போட்டாயிற்று. ஸ்டேஷனில் ஒருவழியாகத் தைரியம் வந்து, விமானத்தில் மட்டும் விரதம் வேண்டாமே என்றேன்.

"மக பிள்ளைப்பேறுக்குப் போறேன். இப்பப் போயி விடச் சொல்றீங்க. பொழுது சாஞ்சா சாப்பிடப்போறேன், அம்புட்டுத்தானே."

சென்னை வரை முத்தையா துணை. ரயில் சன்னலில் மாத்திரையைப் பற்றி மூன்றாவது தடவை. அவள் எதிர் சீட்டுக்காரியிடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

8-11, வெள்ளி

நல்ல வெயில். விடிகாலை விமானம் நேரத்துக்குக் கிளம்பியது என்று முத்தையா போன். மதியம் டிக்கெட் நகலைத் திரும்பப் பார்த்தேன். பிராங்க்பர்ட்டில் ஏறுவது பகல் ஒரு மணிக்கு. நியூயார்க்கில் இறங்குவது அதே பிற்பகல். நடுவில் எட்டரை மணி நேரப் பறப்பு!

மேற்கே போகிறாள். சூரியனும் கூடவே வரும். அவளுக்குப் பொழுது சாயும்போது மதுரையில் விடியற்காலை மூன்று மணி தாண்டிவிடும். அதுவரை பட்டினி. வெறும் வயிற்றில் மாத்திரையும் கிடையாது.

முப்பது வருடம் பூகோள வாத்தியார். கரும்பலகையில் படம் போட்டு விளக்கியதுதான். பெண்டாட்டியிடம் சொல்லத் தோன்றவில்லை.

விமானக் கம்பெனிக்கு எஸ்.டி.டி. போட்டேன். பறக்கிறவருக்குத் தகவல் சொல்ல வழியில்லையாம். நான் முடிக்குமுன் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் முத்தையா வந்து சேர்ந்தான். "சூரியன் மறையலைன்னா அதுக்கும் நீங்கதான் பொறுப்பா அத்தான்? இட்லியச் சாப்பிடுங்க."

9-11, சனி

போன் வந்தது. முதலில் மகள், பிறகு விசாலம். மயக்கம் வந்ததா என்றேன். எதற்கு வரவேண்டும் என்கிறாள். இரண்டாவது விமானம் கிளம்பியதும், பக்கத்தில் இருந்த திண்டுக்கல் அம்மாளிடம் மதுரையில் இப்போது மணி என்ன என்று கேட்டிருக்கிறாள். ஆறரை. உடனே மாத்திரை, பால், பழம்.

வெளியே வெயில் அடித்திருக்குமே என்றேன்.

"அது அந்த ஊரு வெயிலு. விரதம் திருப்பரங்குன்றத்தானுக்குத்தானே. அங்கன விளக்கு வச்சாச்சுல்ல?"

குறிப்பு 4-இல் ‘யோசிக்காத’ என்றது தவறு.