லேனாவில் பனி உடையும் காலம்

ஜார்ஜ் டவுன்
9 மே 1943

அன்புள்ள தம்பி அப்புத்துரைக்கு,

அடிக்கடி கூடாரங்களை அடித்துச் செல்லும் ஆற்றின் கரைக்கே மக்கள் ஏன் திரும்பி வருகிறார்கள்? லேனா ஆற்றைப் பற்றி எழுதத் தொடங்கிய எனக்கு விடை தெரியவில்லை. பள்ளியில் நான் நடத்திய புவியியல் பாடம் நின்றுவிட்டதால் வீட்டிலிருந்தே சைபீரியாவில் திரிகிறேன். லேனா வடக்கே ஓடி உறைகடலில் விழுகிறது. தெற்கே பனி உருகும்போது முகத்துவாரம் இன்னும் இறுகிக் கிடக்கும். வழியில்லாத வெள்ளம் கரையேறும்.

சயாம் ரயில்பாதைக்குக் கணக்கராகப் போகலாமா என்று கேட்டாய். மூன்று மாத வேலைதான் என்கிறார்கள் ஜப்பான்காரர்கள். திரும்பி வந்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை. வரமாட்டார்கள் என்பதற்கும் ஆதாரமில்லை. தெரியாததை எப்படிச் சொல்வேன்?

தபால் வேண்டாம், பிரித்துப் படிக்கிறார்கள். படகுக்கார வேலுவிடம் பதில் கொடு.

உன் அக்கா
வள்ளிநாயகி

புக்கிட் தெங்கா
12 மே

அன்பான அக்காவுக்கு,

போ, போகாதே என்று ஒரு சொல் கேட்டால் சைபீரியாவைச் சுற்றி வருகிறீர்களே! உங்கள் தம்பி பெண்டாட்டி கமலாம்பிகை படித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

அலுவலகத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை பிறை ஸ்டேஷனில் ரயில் வண்டி ஏற வேண்டும். ஒளிவதென்றால் கெலுகோரில் இவளுடைய மாமா வீடு இருக்கிறது. நீங்கள் சொன்னால் போகமாட்டேன்.

அந்தக் கரைக்காரர்கள் வெள்ளம் வருவதை எப்படித்தான் அறிகிறார்கள்?

தங்கள் தம்பி
அப்புத்துரை

ஜார்ஜ் டவுன்
14 மே

தம்பி,

தண்ணீரைக் காணும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை. தெற்கே பனி வெடிக்கும் ஓசை கேட்டதும் கூடாரத்தைப் பிரித்து மேட்டுக்குப் போய்விடுவார்கள். ரஷ்ய மன்னரின் ஆட்கள் ரோமத்தோல் வரி கேட்டுப் படகுகளில் வந்த காலத்திலும் பலர் அப்படித்தான் விலகிப் போனார்கள். சில ஆண்டுகளில் வெள்ளமே வராது. அதற்காக யாரும் வெட்கப்படுவதில்லை.

ஆதாரம் இன்னும் இல்லை. போகாதே.

அக்கா

ஜார்ஜ் டவுன்
17 மே

அன்புள்ள தம்பி,

நீ கெலுகோர் சேர்ந்தது அறிந்து நிம்மதி. போகாதே என்று எழுதிய மறுநாள் பிறையில் நடந்ததை உன்னிடம் மறைப்பது முறையல்ல. வேலு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி பேரக் கூப்பிட்டாங்க டீச்சரம்மா. ஆளக் காணோம். ஆபீஸர் கத்துறான். தம்பியோட வேல செய்யுற சற்குணம் இருக்காருல்ல, அவரு அங்க நின்னாரு. 'நான் வழியனுப்ப வந்த ஆளு லா'ன்னு சொல்லிப் பாத்தாரு. கேக்கல. ஆள் கணக்கு சரியா இருக்கணும்னு அவரப் பிடிச்சு ஏத்திட்டாங்க."

உனக்கென்று அவர் கொண்டுவந்த சாப்பாட்டுப் பொட்டலம் கையிலேயே இருந்ததாம். வண்டி போய்விட்டது.

அக்கா