இரண்டுக்கும் ஐந்து

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், வீட்டில் குளியலறைக் குழாய்க்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை. உன் சுகத்தை நீ எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும், போனில் நீ சொல்வதில் பாதிதான் என் காதில் விழுகிறது, மீதியை அப்பா தன் இஷ்டத்துக்குத் திருத்திச் சொல்கிறார். போன வாரம் உனக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்ததை ஏதோ வேலை அதிகமாம் என்று சொல்லி முடித்துவிட்டார், பிறகு உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. குழாயைச் சரிசெய்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் ஈரத் தரையில் படுத்துக் கிடந்தார். பதினெட்டு மாடி லிஃப்டைப் பிரித்து மாட்டுகிற மனிதருக்கு ஒரு குழாய் அடங்க மாட்டேன் என்கிறது. பிளம்பரைக் கூப்பிடலாமா என்று கேட்டால், நான் இருக்கிற வீட்டுக்குள் இன்னொருவன் ஸ்பானரோடு வருவதா என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இப்போது குழாயின் கழுத்தில் துணி சுற்றி, கீழே வாளி வைத்திருக்கிறோம். தினமும் இரண்டு வாளி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாப்பிட்ட பிறகு இதைப் படி, உட்கார்ந்து படி. உன் கம்பெனியிலிருந்து நீங்கள் அனுப்பிய புதுக் காது மெஷினை நான் போட்டுப் பார்த்த கதை இது. பட்டனை ஒரு தடவை அழுத்தினால் ஒன்று, மறுபடி அழுத்தினால் இரண்டு. இவற்றில் ஏதோ ஒன்று இரைச்சலை நீக்குகிற பழைய முறை, மற்றது அதே வேலைக்கு நீ பழக்கிய கம்ப்யூட்டர் மூளை, உன் நியூரல் நெட்வொர்க், எது எது என்று சொல்லக் கூடாது, தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று எழுதியிருந்தாய். தினமும் சாயங்காலம் படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனியாக ஐந்துக்கு எத்தனை என்று மார்க் போட வேண்டும். பதினான்கு நாளும் எல்லாக் கேள்விக்கும் நான் இரண்டுக்கும் ஐந்தே போட்டேன். நான்கு போடுகிற இடம் உன்னுடையதாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். சில நாள் இரண்டாவது பட்டனை அழுத்திப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பாவோ, "பெத்த பொண்ணு செஞ்சதுக்கு எந்த அம்மா நாலு போடுவா, பேசாம போட்டு அனுப்பு" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. மெஷின் அனுப்பிய ஒன்பது வீட்டுப் படிவங்களையும் சேர்த்துப் பார்த்ததில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, வித்தியாசம் இல்லாத புது முறைக்கு எதற்கு இவ்வளவு பேட்டரி செலவு என்று மேலிடத்தில் கேட்கிறார்கள், அடுத்த வாரம் வியாழக்கிழமை கூட்டத்தில் பழைய முறையே போதும் என்று முடிவு செய்துவிடுவார்கள், என் இரண்டு வருஷ வேலை அலமாரிக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தாய். கீழே, "பரவாயில்லம்மா, வேற வேலை பாத்துக்கலாம்" என்று ஒரு வரி. உன் பரவாயில்லையை எனக்கு உன் ஏழு வயதிலிருந்து தெரியும். ஓட்டப்பந்தயத்தில் விழுந்து முழங்காலில் ரத்தம் வடிய வந்தபோதும் அதையேதான் சொன்னாய். அந்த வித்தியாசத்தை அழித்ததில் என் கையும் உண்டு என்று அப்போதுதான் உறைத்தது. உன் மேல் உள்ள ஆசையில் உன் வேலையை நானே கெடுத்து வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மெஷினை முதல் தடவையாக நூலகத்தின் பதிவு அறைக்குள் போட்டுக்கொண்டு போனேன். இத்தனை நாள் ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். கண் தெரியாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகம் படித்துப் பதிவு செய்யும்போது, மைக் முன்னால் உட்காருமுன் என் பழைய மெஷினைக் கழற்றி மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துவிடுவது என் ஆறு வருஷப் பழக்கம். போட்டுக்கொண்டு படித்தால் என் குரல் எனக்கே இரண்டு தடவை கேட்கும். காது இடுக்கு வழியாக நேராக ஒரு தடவை, மெஷின் யோசித்து முடித்த பிறகு மறுபடி ஒரு தடவை. கண் சிமிட்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தாமதம்தான், ஆனால் இரண்டும் மோதிக்கொண்டு பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். பழைய முறை ஒரு கைப்பிடி சத்தம் சேரும்வரை காத்திருந்து சுத்தம் செய்கிறது, எங்களுடையது ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பழகியது, ஒரு சிட்டிகை கிடைத்தாலே மீதியை ஊகித்துவிடும் என்று நீ முன்பு விளக்கியது ஞாபகம் இருக்கிறது. மெஷினைக் கழற்றிவிட்டால் வேறு சங்கடம், பக்கம் போகப் போக என் குரல் ஏறிக்கொண்டே போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிற அக்கா ஒரு விரலைத் தூக்குவார், நான் குரலை இறக்குவேன். ஒரு அத்தியாயத்துக்கு இருபது தடவையாவது அந்த விரல் எழும்.

முதலில் பட்டனை ஒன்றில் வைத்துப் படித்தேன். மூன்றாவது வரியிலேயே தடுக்கிவிட்டேன், என் வாயிலிருந்து போன சொல் திரும்பி வந்து அடுத்த சொல்லின் காலை வாருகிறது. அக்கா பதிவை நிறுத்தி, "என்ன, வாய்க்குள்ள பஞ்சை வச்சுக்கிட்டா வந்தே?" என்று கேட்டார். பட்டனை அழுத்தி இரண்டுக்கு மாற்றினேன். மண் அரிப்பு பற்றிய பாடம், பதினொரு பக்கம். படிக்கிறேன், படிக்கிறேன், அக்காவின் விரல் எழவே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று நிமிர்ந்து பார்த்தால் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு வந்து, "ஆறு வருஷமா மைதானத்துல நின்னு கத்துற மாதிரி படிச்சே. இன்னைக்குத்தான் பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து படிச்சே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். யாரையும் புகழ்ந்து பழக்கமில்லாதவர், அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்குக் கூச்சம். நான் மெஷினைக் கழற்றாமலேயே அறையை விட்டு வெளியே வந்தேன். என் குரலைக் கேட்கப் பிடிக்காமலேயே இத்தனை வருஷம் பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று தோன்றியது. வயதாக ஆக அமைதியாகிவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். இனிமேல் வீட்டில் நிறையப் பேசுவாயா என்று கவலையோடு கேட்டார்.

அதற்காக இரண்டு எல்லாவற்றிலும் கெட்டிக்காரி என்று நினைக்காதே. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பேச்சு ஒன்றில் தெளிவாகக் கேட்கிறது, இரண்டில் இன்ஜின் சத்தத்தோடு கலந்துவிடுகிறது, அவசரப்பட்டு ஊகிப்பதாலோ என்னவோ. இன்னொரு வேடிக்கை, ஷேவ் செய்யும்போது அப்பா விசிலடிப்பார் இல்லையா, இரண்டு அதை வேண்டாத சத்தம் என்று முடிவு கட்டி அடியோடு துடைத்துவிடுகிறது. உதடு குவிந்திருக்கிறது, சத்தம் இல்லை. விஷயம் தெரிந்ததும் மனிதர் அரைத் தாடியோடு வந்து, "இதைத்தான் ரெண்டு வருஷமா உக்காந்து கண்டுபிடிச்சாளாமா?" என்று கேட்டார். அதற்காகவே ஐந்து போடலாம் என்று இருந்தது, போடவில்லை. நான்கு நாள், பதிவு அறை, பஸ், வீடு என்று தனித்தனியாக எழுதினேன். சொந்தக் குரலுக்கு ஒன்றுக்கு இரண்டு மார்க், இரண்டுக்கு நான்கு. பஸ்ஸுக்கு ஒன்றுக்கு நான்கு, இரண்டுக்கு மூன்று. விசிலுக்கு ஒன்றுக்கு ஐந்து, இரண்டுக்கு ஒன்று. நீ தொட்டாய் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று படிவங்களை உங்கள் குழுத் தலைவிக்கே நேராக அனுப்பினேன், முதல் பதினான்கு நாள் படிவங்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அவை ஒரு தாய் போட்டவை என்றும் எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது. இன்று காலை பதில் வந்தது. ஒன்பது வீட்டிலும் போட்டுப் பார்ப்பது அம்மாவோ அப்பாவோதான், அதை நாங்கள் யோசிக்காமல் விட்டோம், கூட்டத்தை இரண்டு வாரம் தள்ளி வைத்து எல்லாரையும் வேலை செய்கிற இடத்தில் போட்டுப் பார்த்து மறுபடி எழுதச் சொல்கிறோம் என்று இருந்தது. உன் வேலை தப்பித்தது என்று நான் சொல்ல மாட்டேன். நேர்மையான ஒரு தடவை அதற்குக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள், காய்ச்சல் வந்து போன உடம்பு, வேளைக்குச் சாப்பிடு, ராத்திரியில் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் படு. அப்பாவும் நானும் உன்னை மனசார வாழ்த்துகிறோம், நீ எடுத்த காரியம் கைகூடட்டும். ஒன்றே ஒன்றை மறக்காதே, எது உன்னுடையது என்று இந்த இரண்டு வாரம் எனக்குச் சொல்லாதே. தாமதத்தைக் குறைக்கத்தானே இவள் பாடுபட்டாள், அப்போது இரண்டுதான் நம் பொண்ணு என்று அப்பா சத்தியம் செய்கிறார். நான் அதை நம்பாமல் இருக்கப் பார்க்கிறேன், நம்பிவிட்டால் மறுபடி என் கை ஐந்துக்குப் போய்விடும். ஒருவேளை ஒன்றுதான் உன்னுடையது என்றால், அதற்கு இரண்டு மார்க் போட்டவள் நான்தான், கேட்டது அப்படித்தான் இருந்தது, அதை மாற்ற மாட்டேன். நாளைக்குக் காலை பத்து மணிக்கு எனக்குப் பதிவு இருக்கிறது. இரண்டையும் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உனக்கு மார்க் குறைக்கக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் அம்மா